கொசு மருந்துச் சித்தியும் பல்லுப் பிள்ளையும்

வீட்டுக்காரர் வாய் திறந்து "வாங்க" என்று சொல்லாமல் சித்தி எந்த வீட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை. இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அவள் பார்த்த வேலையைச் சொன்னால் புரியும். தென்காசியில் வீடு வீடாகப் போய், தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து மருந்து விடும் வேலை. மற்ற பெண்கள் வாசலில் "கொசு மருந்து" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். பதிலுக்குக் காத்திருக்காமல் கொல்லைப்புறம் போய், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டு வரைக்கும் இழுத்துப் பார்த்துவிட்டு, சுவரில் ஒட்டிய அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டில் இருப்பார்கள். சித்தி மட்டும் நீலக் கோட்டும் மருந்து பாட்டிலுமாக கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பாள்.

எங்கள் எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற ஏட்டையா ஒருவர் இருந்தார். போலீஸ் வேலை போய்விட்டாலும் குரல் போகவில்லை. சித்தி முதன்முதலாக அந்தத் தெருவுக்கு வந்த அன்று நடந்ததை நான் எங்கள் வாசலில் நின்று கேட்டேன்.

"யாரு?"

"கொசுப்புழு பாக்க வந்திருக்கேன் சார்."

"பாத்துட்டுப் போ."

"வான்னு சொல்லுங்க, வாரேன்."

"கேட்டு தெறந்துதான கெடக்கு?"

"கேட்டு தெறந்துதான் இருக்கு சார். நீங்க ஒண்ணும் சொல்லலியே."

ஏட்டையா நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவளை மேலும் கீழும் பார்த்தார். "வாங்க தாயி, வாங்க. ஆரத்தி எடுக்கச் சொல்லவா?" என்றார். "அது வேண்டாம் சார், நேரமாயிரும்" என்று சொல்லிவிட்டு சித்தி உள்ளே போனாள். அதற்குப் பிறகு தெருமுனையில் நீலக் கோட்டு தெரிந்தாலே ஏட்டையா உட்கார்ந்த இடத்திலிருந்து "வாங்க, வாங்க" என்று கத்த ஆரம்பித்துவிடுவார். கேலியாகத்தான் தொடங்கினார். பிறகு அது பழக்கமாகிவிட்டது.

இதனால் சித்திக்கு ஒரு நாளும் வேலை நேரத்துக்கு முடியாது. சூப்பர்வைசர் பைக்கில் வந்து நடுத்தெருவில் திட்டுவார். "நீ என்ன விருந்துக்கா வந்திருக்க, ஒவ்வொரு வாசலா நிக்க?" என்று ஒரு நாள் கேட்டார். "விருந்துன்னா கார்டு வச்சுக் கூப்பிடணும் சார். இதுக்கு ஒரு சொல்லு போதும்" என்றாள். அவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். சித்தி பொழுது சாயும்வரை மீதி வீடுகளைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். வேலையில் ஏமாற்றினாள் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

அப்போது அவள் எனக்குச் சித்தி முறை என்பது எனக்குத் தெரியாது. நான் எட்டாம் வகுப்பு. கொசு மருந்து அக்கா என்றுதான் கூப்பிட்டேன். வியாழக்கிழமை எங்கள் தெரு. எங்கள் வீட்டு வாசலில் அவள் குரல் கேட்டதும் அம்மா அடுக்களையிலிருந்து, யாருக்கோ சொல்வதுபோல, "தொட்டி பின்னால இருக்கு" என்பாள். அவ்வளவுதான். கேஸ் சிலிண்டர் போட வருகிறவரை "வாங்க அண்ணாச்சி" என்று வாய் நிறையக் கூப்பிடுகிற அம்மா, இவளை மட்டும் வா என்று சொன்னதே இல்லை. சித்தியும் எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. வீட்டை ஒட்டிப் போகும் முடுக்குச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கத் தொட்டிக்குப் போவாள். "முடுக்கு தெருவுல சேத்தி, அதுக்கு யாரும் கூப்பிட வேண்டாம்" என்று ஒரு தடவை எனக்கு விளக்கம் சொன்னாள்.

ஆனால் வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தொட்டி விளிம்பில் ஒரு டம்ளர் மோர் இருக்கும். கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, தட்டால் மூடி. யாருக்கு என்று கேட்டால், "வெயில்ல வேலை பாக்கவளுக்கு. யாரா இருந்தா என்ன?" என்பாள் அம்மா. சித்தி குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். இரண்டு பேரும் முகம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு இது விநோதமாகப் படவில்லை. பெரியவர்கள் எல்லாருமே கொஞ்சம் கழன்ற கேஸ்தான் என்பது அன்றைக்கு என் அபிப்பிராயம்.

தொட்டிக்கு நேர் மேலே என் அறை ஜன்னல். அந்த வருஷக் கோடை விடுமுறையில் நான் அம்மாவின் பழைய போனில் ஒரு ஜப்பான் அனிமே தொடர் பார்த்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தியை ஆற்றங்கரையில் ஒரு ரத்தக்காட்டேரி கடித்துவிடுகிறது. அவளும் அப்படியே ஆகிவிடுகிறாள். பல் முளைக்கிறது, பசி வருகிறது. மனுஷரைக் கடிக்க மனசு வராமல், மற்ற ரத்தக்காட்டேரிகளைத் தேடித் தேடிக் கொல்கிறாள். எல்லாம் முடிந்து ஒவ்வொரு பாகமும் ஒரே மாதிரிதான் முடியும். தன் வீட்டு வாசலில் போய் நிற்பாள். உள்ளே அம்மாக்காரி விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கதவுக் கண்ணாடி வழியாக மகளைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். பிள்ளை திரும்பிப் போய்விடும்.

"என்னட்டி அலறுது உள்ள?" என்று சித்தி ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தது இப்படி ஒரு முடிவின்போதுதான். வசனம் ஜப்பான் பாஷை, கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும். நான்தான் தமிழில் கதை சொன்னேன்.

"பெத்த வீடுதான? உள்ள போக வேண்டியதுதான?"

"முடியாதுக்கா. ரத்தக்காட்டேரிக்கு ஒரு சட்டம் இருக்கு. வீட்டுல உள்ளவங்க வான்னு கூப்பிட்டாத்தான் வாசலைத் தாண்ட முடியும்."

"கூப்பிடலைன்னா?"

"வெளியவே நிக்கணும்."

சித்தி கையில் மருந்துக் குழாயை வைத்துக்கொண்டு நின்றாள். மருந்து கணக்கில்லாமல் தொட்டிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. "சரியாத்தான் வச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அதிலிருந்து வாராவாரம் எனக்கு ஒரு ரசிகை கிடைத்தாள். விடுமுறை முடிந்த பிறகும் விடவில்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரமாகப் பார்த்து எங்கள் தொட்டியைக் கடைசிக்குத் தள்ளி வைத்துக்கொண்டாள். மோரும் சாயங்காலத்துக்கு மாறியது. அந்தப் பெண்ணின் பெயர் வாயில் நுழையாததால் "பல்லுப் புள்ள" என்று தானே பெயர் வைத்தாள். டார்ச்சைத் தொட்டிக்குள் அடித்துக்கொண்டே, "ம், சொல்லு. பல்லுப் புள்ள என்ன ஆனா?" என்பாள். ரத்தம், கத்தி, அறுபட்ட தலை எதற்கும் அவள் அசைய மாட்டாள். அந்தப் பிள்ளை வாசலில் நிற்கிற இடம் வந்தால் மட்டும் டார்ச்சை அணைத்துவிடுவாள்.

ஒரு பாகத்தில் தபால்காரர் வேஷத்தில் ஒரு ரத்தக்காட்டேரி வரும். மழை பெய்கிறது, கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்கும். உள்ளே இருக்கும் கிழவர் பாவம் பார்த்து வாருங்கள் என்று சொல்லிவிடுவார். கதை முடிந்தது. சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அவன் மட்டும் நம்ம ஊருக்கு வந்தான்னு வையி, கொண்டாட்டம்தான். வாசல்ல எவன் நின்னாலும் வாங்க, உக்காருங்க, மோர் குடிக்கியளான்னு கேட்டுருவாவ. ஒரு தெரு மிஞ்சாது." பிறகு எங்கள் அடுக்களை ஜன்னலைப் பார்த்துக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்: "ஒங்கம்மா மட்டும் தப்பிச்சுருவா, கேட்டியா."

உள்ளே ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. அம்மாவை யாரோ கேலி செய்வது எனக்கு நன்றாக இருந்ததால் நானும் சிரித்தேன். அடுத்த வியாழக்கிழமையும் மோர் இருந்தது.

ஜூன் கடைசியில் சாரல் வலுத்ததும் அவளைக் குற்றாலத்துக்கு மாற்றிவிட்டார்கள். சீசன் கூட்டம் குடித்துப் போட்ட இளநீர்க் கூடு, பிளாஸ்டிக் கப்பு, லாட்ஜ்களின் பின்பக்கம் என்று அங்கே கொசுவுக்கு ராஜ வாழ்க்கை. எங்கள் தெருவுக்கு வேறொரு பெண் வந்தாள். கூப்பிடாமலே உள்ளே வந்து, அடுக்களை வரை நடந்து போய் வேலையை முடித்துக்கொண்டு போனாள். அம்மா அவளுக்கு மோர் வைக்கவில்லை. எனக்கு நாலு பாகக் கதை சேர்ந்துவிட்டது, சொல்ல ஆளில்லை. அருவிக்குப் போகலாம் என்று அப்பாவை அரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப்பினேன்.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். தண்ணீரும் நல்ல தண்ணீர். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே கொடுத்தாள். பாசியில் கால் வழுக்கியது. விழப்போன அம்மாவை ஒரு கை இழுத்து நிறுத்தியது. சித்திதான். வேலை முடித்து நீலக் கோட்டோடு அப்படியே வந்து நின்றிருந்தாள். அம்மா அந்த மணிக்கட்டைப் பிடித்தவள் விடவில்லை. தண்ணீர் இரண்டு பேர் தலையிலும் விழுந்துகொண்டிருந்தது. போலீஸ்காரம்மா விசில் ஊதி எங்களை வெளியே அனுப்பும்வரைக்கும் அப்படியே நின்றார்கள். வெளியே வந்ததும் அம்மா கையை விட்டுவிட்டு, தலைமுடியைப் பிழிவதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

சித்தி ஒன்றும் நடக்காததுபோலக் கோட்டைப் பிழிந்தாள். "ஏட்டி, பல்லுப் புள்ள என்ன ஆனா?"

பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில் ஈரம் சொட்டச் சொட்ட நாலு பாகத்தையும் சொல்லி முடித்தேன். அம்மா அந்த நேரம் முழுவதும் பழக்கடையில் மங்குஸ்தானை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது ஒரு பை மங்குஸ்தானை என்னிடம் நீட்டினாள். "அவளுக்குக் குடு."

சித்தி பையை வாங்கிக்கொண்டாள். "ஒங்கம்மாவுக்கு வாயில்லையாட்டி?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. ஆசையாகக் கேட்டாள் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அப்பாதான் பஸ்ஸில் எனக்குச் சொன்னார், அம்மா முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே. அந்தப் பெண் அம்மாவின் சின்னம்மா மகள். வீரகேரளம்புதூரில் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். ஒரு தட்டில் சாப்பிட்டு, ஒரு பாயில் படுத்தவர்கள். அம்மாவின் அண்ணன், என் மாமா, இரண்டு பேரையும் சைக்கிளில் முன்னும் பின்னும் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுவிடுவாராம். சித்தி செங்கோட்டைப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவரை வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் வேறு சாதி. அதோடு பேச்சு நின்றது. இரண்டு வருஷம் கழித்து மாமாவுக்குக் கல்யாணம். சித்திக்குப் பத்திரிகை வைக்கவில்லை. நம் அண்ணன் கல்யாணம்தானே என்று அவளாகவே கைக்குழந்தையோடு வந்தாள். வீட்டு வாசலில் பந்தல். வரவேற்பில் பன்னீர்ச் செம்போடு நின்றது அம்மா. சித்தி சந்தனத்தில் விரல் வைத்தபோது மாப்பிள்ளைக் கோலத்தில் மாமா வந்து, அத்தனை பேர் முன்னால், "ஒன்னைய யாரு கூப்பிட்டா?" என்று கேட்டார்.

"அம்மா என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலை" என்றார் அப்பா.

முன் சீட்டில் அம்மா திரும்பவில்லை. காது கேட்டிருக்கும். சித்தி விரலில் சந்தனத்தோடு திரும்பிப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் புருஷன் மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து இறந்தபோது எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. அப்பா இதையும் சொன்னார்.

எனக்கு அம்மா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "இப்பவாவது வான்னு சொன்னா என்ன?" என்று கேட்டேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? அன்னிக்கு வாயடைச்சு நின்னவ, இன்னிக்கு மோர் குடிக்க வான்னு கூப்பிட்டா அவ காறித் துப்ப மாட்டாளா?" என்றாள்.

சீசன் முடிந்து சித்தி எங்கள் தெருவுக்குத் திரும்பினாள். நான் சித்தி என்று கூப்பிட்டேன். ஒரு நிமிஷம் டார்ச்சை என் முகத்தில் அடித்துப் பார்த்தாள். "யாரு சொன்னா?" "அப்பா." "ம்." அவ்வளவுதான் அதைப் பற்றிய பேச்சு.

அந்த அனிமே இரண்டாம் சீசனோடு நின்றுபோனது. கடைசிப் பாகத்தில் அம்மாக்காரி கதவைத் திறக்கிறாள். மகள் வீட்டுக்குள் போடும் பழைய செருப்பை எடுத்து வந்து படியில் வைக்கிறாள். இரண்டு பேரும் அழுகிறார்கள். பாட்டு போட்டு முடித்துவிட்டார்கள். நான் அழுதுகொண்டேதான் சொன்னேன். சித்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செருப்பு வச்சாளாக்கும்? வான்னு சொன்னாளா?"

"சொல்லலை. ஆனா அதானே சித்தி அர்த்தம்?"

"என்னத்த அர்த்தம்? அந்தப் புள்ள எப்படிட்டி உள்ள போவும்? செருப்பு வைக்கலாம், பழம் வைக்கலாம், மோர் வைக்கலாம். வாயத் தெறந்து சொல்லணும். இவனுவளுக்குக் கதைய முடிக்கத் தெரியலை, கேட்டியா."

அன்றைக்கு மோரைக் குடிக்காமல் போனாள். அது ஒரு தடவைதான். அடுத்த வாரம் குடித்தாள். இப்படியே வருஷங்கள் போயின. நான் பெரிய மனுஷியாகி மண்டபத்தில் சடங்கு வைத்தபோது, மாமா சீர் கொண்டு வருவாரே என்று பயந்து அம்மா அவளைக் கூப்பிடவில்லை. நானே ஒரு பத்திரிகையை ஜன்னல் கம்பி வழியாகக் கொடுத்தேன். "நீ கூப்பிட்டாச் செல்லாதுட்டி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, என் கன்னத்தைக் கிள்ளினாள்.

நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது மாமா இறந்துபோனார். மாரடைப்பு. விடியற்காலை போன் வந்து நாங்கள் வீரகேரளம்புதூர் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் பெட்டி வந்துவிட்டது. அம்மா அதன் தலைமாட்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

பகல் ஒரு மணி இருக்கும். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க நான் பந்தலுக்கு வந்தேன். தெருவுக்கு எதிர்ப்பக்கம் கரண்டுக் கம்பத்தடியில் சித்தி நின்றிருந்தாள். நீலக் கோட்டு இல்லாமல் அவளை அன்றுதான் பார்க்கிறேன். காவிக் கலர் சேலை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வெயில் நேராகத் தலையில் அடித்தது.

"எப்ப வந்திய சித்தி?"

"பத்து மணி பஸ்ஸுக்கு. எப்பட்டி எடுக்காவ?"

"ரெண்டு மணிக்கு."

"மொகத்தைப் பாக்கணும். பொம்பளைக்குச் சுடுகாட்டுக்குப் போற வழக்கமில்ல. எடுத்துட்டாப் போச்சு."

சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. கேள்விப்பட்டவர்கள் அவர்களாகவே வருவார்கள். வருகிறவர்களை "வாங்க" என்று சொல்லவும் கூடாது. சொன்னால் இன்னொரு சாவைக் கூப்பிடுவதாக எங்கள் ஆட்களுக்குப் பயம். தலையை அசைப்பதோடு சரி.

"எல்லாரும் சும்மாதான் போறாவ சித்தி."

"எனக்குத் தெரியாதாட்டி? துட்டிக்கு யாரு கூப்பிடுவா? கூப்பிட வேண்டாம்னுதான் கெளம்பி வந்தேன். இங்கன வந்தா கால் வரமாட்டேங்கு. அன்னிக்கும் இதே வாசல்தான்."

நான் உள்ளே போய் அம்மாவின் காதில் சொன்னேன். நான் சொன்னது காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. நான் மறுபடியும் வாசலுக்கு வந்து நின்றேன். ஒன்றரை மணிக்கு மேளக்காரர்கள் எழுந்து அடிக்க ஆரம்பித்தார்கள். பூ ஜோடித்த பாடைத் தேரைத் தெருவுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். சித்தி கம்பத்தடியிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள். அங்கேயே நின்றாள்.

அப்போது அம்மா வெளியே வந்தாள். அவிழ்ந்த தலையோடு, பந்தலில் உட்கார்ந்திருந்த ஆம்பிளைகள் நடுவில் நடந்து, வாசலில் வந்து நின்றாள்.

"வா" என்றாள்.

மேளத்தையும் மீறிக் கேட்டது. மேளம் நின்றுவிட்டது. பந்தலில் அத்தனை தலையும் திரும்பியது. உள்ளிருந்து அத்தை, மாமாவின் மனைவி, "ஐயோ, துட்டி வீட்டுல வான்னு சொல்லுதாளே, இவளுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு!" என்று அலறினாள். யாரோ ஒரு பெரியவர் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார்.

சித்தியின் முகமே வெளுத்துவிட்டது. "யக்கா, இங்கன அதைச் சொல்லக் கூடாதுக்கா."

"தெரியும்" என்றாள் அம்மா. "சொல்ல வேண்டிய அன்னிக்கு நான் சொல்லலை. இன்னிக்குச் சொல்லுதேன். வர்றது எனக்கு வரட்டும். நீ வா. உள்ள வா."

சித்தி தெருவைத் தாண்டி வந்து செருப்பைக் கழற்றினாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெட்டிக்கு முன்னால் நின்றதும் சித்தி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. கண்ணாடி மேல் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, குனிந்து, மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா கூப்பிட்டாண்ணே. அதான் வந்தேன்."